புக்மார்க் தளங்களில் லிங்க் போட்டும் வாசகர் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ரெடிட், ஹேக்கர் நியூஸ், பின்டரெஸ்ட், ஃபிளிப்போர்டு மாதிரியான புக்மார்க் தளங்களில் (பிடித்த லிங்க்கைச் சேமித்துப் பகிரும் இடங்கள்) எழுத்தைப் பகிர்ந்து வாசகரைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் கீழே உள்ள எட்டுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும். பணமோ நாள்கணக்கில் வேலையோ பிடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

எதற்கும் முன் ஒரு சோதனை. உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், நீங்கள் போட்ட லிங்க்கைத் தேடிப் பிடித்து அழுத்துங்கள். முடிந்தால் கைப்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதை நம்பி, வெளியில் தெரியவே தெரியாத ஒரு பதிவின் தலைப்பை யோசித்து யோசித்து நாளைக் கடத்துபவர்கள் நிறைய.

- பட்டியலில் பதிவே இல்லை: அறிகுறி 1
- இருக்கிறது, யாரும் அழுத்துவதில்லை: அறிகுறி 2
- அழுத்தினால் 404 ('பக்கம் கிடைக்கவில்லை' என்ற பிழை), அல்லது படமில்லாத வெற்றுப் பெட்டி: அறிகுறி 3
- வருகிறார்கள், உடனே போய்விடுகிறார்கள்: அறிகுறி 4
- கூட்டம் வந்ததும் தளம் திறக்கவில்லை: அறிகுறி 5
- எண்ணிக்கை சம்பந்தமான குழப்பம்: அறிகுறி 6, 7
- கூகிள் தேடலில் தளம் கீழே போய்விட்டது: அறிகுறி 8

## அறிகுறி 1: போட்ட லிங்க் மற்றவர் கண்ணில் படவில்லை

தானியங்கி எடுத்திருக்கலாம். ரெடிட்டில் ஒவ்வொரு சப்ரெடிட்டுக்கும் (பொருள்வாரியான குழு) தனி விதி. கணக்கின் வயதுக்கும் கர்மாவுக்கும் (மற்றவர் வாக்கால் சேரும் மதிப்பெண்) பல இடங்களில் குறைந்தபட்ச அளவு உண்டு. அது எவ்வளவு என்று வெளியில் சொல்லாத இடங்களும் உண்டு. அந்த அளவை எட்டாதவரின் பதிவை ஆட்டோமாடரேட்டர் என்ற தானியங்கி வடிகட்டி சத்தமில்லாமல் எடுத்துவிடும். எழுதியவர் கணக்கில் மட்டும் பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சோதனை: மறைநிலைச் சாளரத்தில் அந்தச் சப்ரெடிட்டின் 'புதியவை' வரிசையைத் திறந்து, நீங்கள் போட்ட நேரத்துக்கு நேராகப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் மட்டுறுத்துநர்களுக்கு (குழுவை நிர்வகிப்பவர்கள்) மாட்மெயில் என்ற உள்செய்தி அனுப்பலாம். இரண்டு வரி போதும்: "என் பதிவு வடிகட்டியில் சிக்கியிருப்பதாகத் தெரிகிறது. விதிக்கு உட்பட்டதாக இருந்தால் விடுவிக்க முடியுமா?" கூடவே பதிவின் லிங்க். பதில் வருவதற்குள் அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். ஒரே லிங்க்கைத் திரும்பத் திரும்பப் போடும் கணக்கு வடிகட்டியின் கண்ணில் ஸ்பேம் கணக்குதான்.

சுருக்கிய லிங்க். பிட்லி போன்ற சுருக்கி வழியாகப் போட்ட முகவரி எங்கே கொண்டுபோகும் என்று தெரியாததால் பல தளங்கள் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். முழு முகவரியையே போடுங்கள்.

சொந்தச் சரக்கு அதிகம். எங்கும் மாட்டிக்கொள்வது இதில்தான். பத்தில் ஒன்றுக்கு மேல் உங்கள் சொந்த லிங்க்காக இருக்கக் கூடாது என்பது ரெடிட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. லாப்ஸ்டர்ஸ் என்ற தொழில்நுட்ப லிங்க் பகிர்வுத் தளம் கால் பங்குக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஹேக்கர் நியூஸ் எண் எதுவும் சொல்லாமல், விளம்பரத்துக்காகவே தளத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. உங்கள் கணக்கின் கடைசி 20 செயல்களை எண்ணுங்கள்: பதிவுகள், கருத்துகள், பகிர்வுகள் எல்லாம் சேர்த்து. அதில் இரண்டுக்கு மேல் சொந்த லிங்க் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள். சில வாரங்கள் பிறர் எழுதியதைப் பகிர்ந்து, உருப்படியாகக் கருத்துச் சொன்னால்தான் கணக்கு தேறும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

கணக்கே மறைக்கப்பட்டிருக்கலாம். மறைநிலைச் சாளரத்தில் உங்கள் ரெடிட் சுயவிவரப் பக்கத்தைத் திறந்தால் 'பக்கம் இல்லை' என்று வருகிறதா? பதிவில் கோளாறில்லை, கணக்கைத்தான் மறைத்திருக்கிறார்கள். ரெடிட்டின் மேல்முறையீட்டுப் பக்கத்தில் முறையிடுங்கள். தடையைத் தாண்டப் புதுக் கணக்கு தொடங்குவது விதிமீறல். மாட்டினால் இரண்டும் போகும்.

தளத்தின் பெயரே தடைபட்டிருக்கலாம். ஹேக்கர் நியூஸில் உங்கள் சுயவிவரத்தில் 'ஷோடெட்' என்ற அமைப்பை இயக்கினால் தடுக்கப்பட்ட பதிவுகளும் 'டெட்' என்ற அடையாளத்துடன் தெரியும். உங்கள் தள முகவரியிலிருந்து யார் போட்டாலும் அப்படியே விழுகிறது என்றால் மட்டுறுத்துநர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், விசாரித்துப் பதில் சொல்வார்கள். இலவசத் துணைமுகவரியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதே சேவையில் இடம்பிடித்த ஸ்பேமர்களின் பாவம் இவர்கள் தலையிலும் விழும். சொந்த டொமைன் வாங்குவதுதான் தீர்வு.

*தொழில்முறை ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* கூகிளின் சேஃப் பிரவுசிங் (ஆபத்தான தளமா என்று சொல்லும் சேவை) நிலைப் பக்கத்தில் தள முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எச்சரிக்கை வந்தாலோ, கூகிளில் உங்கள் தளத்தை மட்டும் தேடும்போது நீங்கள் எழுதாத மருந்து விளம்பரமும் சூதாட்டப் பக்கங்களும் தலைகாட்டினாலோ, தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பழைய காப்புப் பிரதியைப் போட்டு மூடினால் போதாது, புகுந்த ஓட்டை அப்படியே இருக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

## அறிகுறி 2: எல்லோருக்கும் தெரிகிறது, அழுத்தத்தான் ஆளில்லை

முதல் சந்தேகம் தலைப்பின் மேல். "என் புதிய கட்டுரை, படித்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்பது எழுதியவரின் தேவையைச் சொல்கிறது. படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது அதில் இல்லை. "வேலைக்குப் போய்க்கொண்டே நாவலை எழுதி முடிக்க ஒரு வார அட்டவணை" என்று போட்டால் வேண்டியவர் அழுத்துவார், வேண்டாதவர் கடந்துபோவார். இரண்டுமே உங்களுக்கு நல்லது.

அளவையும் பாருங்கள். ஹேக்கர் நியூஸில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். ரெடிட்டில் 300 வரை போகலாம், ஆனால் போட்டபின் திருத்தவே முடியாது. ஒரு எழுத்துப்பிழை கடைசிவரை கூடவே வரும். தமிழில் இந்த எண்ணிக்கை வேகமாகக் கரையும். கணினிக் கணக்கில் 'கொ' ஓரெழுத்து அல்ல. 'க' ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று.

ஓரிடத்தில் எடுபடும் தலைப்பு இன்னோரிடத்தில் அடிவாங்கும். பின்டரெஸ்ட்டில் '7 வழிகள்' என்பது நன்றாகவே ஓடும். ஹேக்கர் நியூஸில் அந்த 7-ஐ வெட்டிவிடச் சொல்லி விதியே இருக்கிறது. எல்லா இடத்துக்கும் ஒரே வாசகத்தை ஒட்டுவதுதான் இந்த அறிகுறியின் பாதிக் காரணம்.

அடுத்து, இடம். லட்சக்கணக்கான உறுப்பினர் உள்ள பொதுக் குழுவில் பதிவு சில நிமிடங்களில் கீழே போய்விடும். சில ஆயிரம் பேரே இருந்தாலும் உங்கள் பொருளிலேயே ஊறிக்கிடக்கும் குழுவில் அது ஒருநாள் முழுக்க நிற்கும். ஆங்கிலக் குழுவில் தமிழ்க் கட்டுரையின் லிங்க் போடுவதானால் மொழி பற்றிய விதியை முதலில் பாருங்கள். உரைப்பதிவுக்கு இடம்தரும் குழுவில் வெறும் லிங்க் வேண்டாம். கட்டுரையின் சாரத்தை மூன்று நான்கு பத்தியில் அங்கேயே கொடுத்து, லிங்க்கைக் கடைசியில் வையுங்கள். சாரத்தையே தந்துவிட்டால் யார் வருவார் என்று தோன்றும். வெறும் லிங்க்குக்கு வருவதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

பின்டரெஸ்ட்டில் மட்டும் படம்தான் கோளாறு. அங்கே படம் நிமிர்ந்து நிற்க வேண்டும்: 2:3 விகிதம், அதாவது 1000 × 1500 பிக்சல். அகலமான படம் பக்கத்துப் பின்களுக்கு (அங்கே பதிவின் பெயர் பின்) நடுவே ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். படத்தின்மேல் தமிழ் எழுதினால் வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். கைப்பேசித் திரையின் பாதி அகலத்தில் வைத்து மெய்ப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். புள்ளி மறைந்தால் எழுத்து போதாது. பின்களைத் தொகுத்து வைக்கும் பலகையின் பெயரை, தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல்லில் வையுங்கள். 'மனதின் ஓசைகள்' என்று யாரும் தேடப்போவதில்லை.

தலைப்பும் இடமும் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் நேரம் பிசகியிருக்கலாம். ரெடிட்டிலும் ஹேக்கர் நியூஸிலும் முதல் ஓரிரு மணி நேரத்தில் வாக்கு விழாத பதிவு மேலே வருவது அபூர்வம். கவனம் பெறாமல் போனதை ஓரிரு முறை மறுபடி போட ஹேக்கர் நியூஸ் அனுமதிக்கிறது. அழித்துவிட்டுப் போடுவதைத்தான் விரும்புவதில்லை.

இந்த அறிகுறிக்குப் பணம் கொடுத்து யாரையும் கூப்பிட வேண்டாம். வாக்கு விற்பவர்களை முக்கியமாக. நண்பர் குழுவில் லிங்க்கை அனுப்பி "ஒரு அப்வோட் போடுங்க" என்பதும் இதே கணக்குதான். கூட்டாக விழும் வாக்குகளை இந்தத் தளங்கள் கண்டுபிடித்துவிடும். அப்புறம் அறிகுறி 1-க்குத் திரும்பி வருவீர்கள்.

## அறிகுறி 3: லிங்க் உடைகிறது, அல்லது முன்காட்சி வெறுமையாக வருகிறது

### 3அ. அழுத்தினால் 404

தமிழில் எழுதுபவர்களை அதிகம் படுத்துவது இது. முகவரியில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் நகலெடுக்கும்போது விழுக்காட்டுக் குறியுடன் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறி. விரித்தால் 45 எழுத்து. நான்கு சொல் தலைப்பு இருநூறைத் தாண்டும். நடுவில் எங்காவது வெட்டுப்பட்டால் 404 நிச்சயம்.

வேர்ட்பிரஸில் முகவரியின் கடைசியில் தலைப்பைச் சொல்லும் வால் விரித்த நிலையில் 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது சுமார் 22 தமிழ்க் குறி. நீளமான தலைப்பு பாதியில் அறுந்து நிற்பது இதனால்தான். பதிப்பிக்கும் முன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் கொடுங்கள். பதிப்பித்தபின் மாற்றினாலும் பழைய முகவரிக்கு வருபவரை வேர்ட்பிரஸ் தானே புதியதற்கு அனுப்பிவிடும், அதனால் பயமில்லை. பிளாகரில் முழுத் தமிழ்த் தலைப்புக்கு 'பிளாக்-போஸ்ட்' என்ற மொட்டை முகவரிதான் கிடைக்கும். லிங்க் உடையாது, ஆனால் எதைப் பற்றியது என்றே தெரியாது. வலப்பக்க அமைப்பில் 'பெர்மாலிங்க்' பகுதிக்குப் போய், வெளியிடும் முன்பே மாற்றிவிடுங்கள்.

### 3ஆ. படமில்லை, தலைப்பு தவறு, அல்லது பழைய படம்

1. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ஓஜி (og:) என்று தொடங்கும் வரிகளை (பகிரும்போது எதைக் காட்டுவது என்று சொல்பவை) தேடுங்கள். தலைப்பு, விவரம், படம், முகவரி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செருகுநிரல் (பிளகின்) ஒன்றைப் போட்டாலே வந்துவிடும்.
2. ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகிறதா? இரண்டு செருகுநிரல் போட்டி போடுகின்றன. ஒன்றை அணையுங்கள்.
3. படத்தின் முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுதாக இருக்கிறதா? 'படங்கள்' கோப்புறையிலிருந்து தொடங்கும் அரைகுறை முகவரியை, முன்காட்சிக்குத் தகவல் சேகரிக்கும் நிரல் புரிந்துகொள்ளாது. படம் 1200 × 630 பிக்சல் இருந்தால் எங்கும் ஒழுங்காக வரும்.
4. எல்லாம் திருத்தியும் பழையதே தெரிந்தால், அந்தத் தளம் முதலில் எடுத்த நகலையே காட்டுகிறது. ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். லிங்க்ட்இன்னுக்குப் போஸ்ட் இன்ஸ்பெக்டர் உண்டு. இந்த வசதி இல்லாத தளத்தில் காத்திருப்பது தவிர வழியில்லை. ஆகவே பகிரும் முன் ஒருமுறை டீபக்கரில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

*யாரைக் கூப்பிடுவது:* டீபக்கர் 403 (அனுமதி மறுப்பு) என்று சொன்னால் உங்கள் தளத்தின் தடுப்புச்சுவர் சேகரிப்பு நிரலைத் திருப்பி அனுப்புகிறது. தளத்துக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையை வைத்திருந்தால் அதன் பாட் தடுப்பு அமைப்பையும் பாதுகாப்புப் பதிவேட்டையும் பாருங்கள். அதில் ஒன்றுமில்லையென்றால் ஹோஸ்டிங் உதவிக்கு எழுதுங்கள். எந்த நேரத்தில், எந்த முகவரிக்கு, எந்தச் சேகரிப்பு நிரலுக்கு 403 போனது என்று மூன்றையும் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

## அறிகுறி 4: வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார்கள்

வருகையை அளக்கும் கூகிள் அனலிட்டிக்ஸ் 4-இல் பத்து நொடிக்கு மேல் தங்கியதோ, இரண்டாவது பக்கம் திறந்ததோ, நீங்கள் முக்கியம் என்று குறித்த செயல் நடந்ததோதான் 'ஈடுபட்ட' வருகை. புக்மார்க் தளத்து வாசகர் எப்போதுமே அவசரக்காரர். உங்கள் மற்ற வாசகரைவிட இவர்களின் ஈடுபாடு குறைவாக இருப்பது இயல்பு. அப்படியே பாதாளத்தில் இருந்தால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

தலைப்பு சொன்னது முதல் திரையில் இருக்கிறதா? அட்டவணை தருவதாகச் சொல்லிவிட்டு நான்கு பத்தி முன்னுரை போட்டால் ஆள் நிற்கமாட்டார். முன்னுரையை வெட்டுங்கள். பக்கம் திறந்ததும் எதுவும் குறுக்கே பாய்கிறதா? மின்னஞ்சல் கேட்கும் பெட்டி, அறிவிப்பு அனுமதி, குக்கீ பட்டை மூன்றும் சேர்ந்தால் கைப்பேசியில் எழுத்துக்கே இடமிருக்காது. முதல் இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். கடைசியாக வேகம். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் கைப்பேசிப் பகுதியைப் பார்த்து, முதன்மை உள்ளடக்கம் தெரிய 2.5 நொடிக்கு மேல் ஆனால் படங்களையும் எழுத்துருக்களையும் குறையுங்கள். தமிழ் எழுத்துருக் கோப்புகளில் நான்கு தடிமன்களை ஏற்றி இரண்டை மட்டும் பயன்படுத்தும் வார்ப்புருக்கள் ஏராளம்.

## அறிகுறி 5: கூட்டம் வந்ததும் தளம் படுத்துவிடுகிறது

பிளாகர், மீடியம் போன்ற சேவைகளில் எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பகிர்வு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரில்) சொந்தத் தளம் நடத்துபவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

எந்தப் பிழை எண் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 508 என்றால் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்துவிட்டது. 503 என்றால் சர்வரால் இப்போதைக்கு முடியவில்லை, 504 என்றால் பதில் வரத் தாமதம். மூன்றுக்கும் முதல் மருந்து பக்கத் தேக்ககம் (தயாரான பக்கத்தின் நகலைச் சேமித்துத் தருவது). அது இல்லாத வேர்ட்பிரஸ், ஆயிரம் பேர் வந்தால் ஒரே கட்டுரையை ஆயிரம் முறை தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் சமைக்கும். தேக்ககச் செருகுநிரல் ஒன்றை நிறுவி, மறைநிலைச் சாளரத்தில் இரண்டு முறை திறந்து, இரண்டாம் முறை வேகமாக வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். நிறுவியும் இயக்காமல் விட்டிருப்பது சகஜம்.

அடுத்து, படங்கள். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 4 எம்பி படம் ஒன்றை ஆயிரம் பேர் திறந்தால் 4 ஜிபி. அதையே 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் 150 கேபியாக்கினால் ஆயிரம் பேருக்கும் சேர்த்து 150 எம்பிதான்.

கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே தளம் விழுந்தால் வரிசை இது: தேவையற்ற செருகுநிரல்களை அணையுங்கள் (தொடர்புடைய பதிவு காட்டுவது, வருகை எண்ணுவது முதலில்). தேக்ககத்தை இயக்குங்கள். கிளவுட்ஃபிளேர் முன்னமே இணைத்திருந்தால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் முழுத் தேக்கக விதி போடுங்கள். இணைக்கவில்லையென்றால் இப்போது தொடாதீர்கள். பெயர்ச்சேவையகம் மாறிப் பரவ நேரமாகும், அதற்குள் கூட்டம் கலைந்திருக்கும்.

*யாரைக் கூப்பிடுவது:* தேக்ககமும் சிறு படங்களும் இருந்தும் 508 வந்தால் ஹோஸ்டிங் உதவியிடம் வளப் பயன்பாட்டு வரைபடம் கேளுங்கள். எந்த வளம் தீர்ந்தது என்பது அதில் தெரியும். உயர்ந்த திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். வரைபடத்தைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். கெட்டுப்போன ஒரே ஒரு செருகுநிரல் எவ்வளவு பெரிய திட்டத்தையும் தின்றுவிடும்.

## அறிகுறி 6: ஒரே நாளில் ஏறியது, மறுநாள் இறங்கிவிட்டது

இது கோளாறே இல்லை. ரெடிட், ஹேக்கர் நியூஸ் வருகை அப்படித்தான். பின்டரெஸ்ட் தேடல் வழி இயங்குவதால் மெல்ல ஏறி, மாதக்கணக்கில் சொட்டும். வந்தவரைத் தக்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: கட்டுரை முடியும் இடத்தில் அதே பொருளில் இரண்டு பழைய கட்டுரைகளின் லிங்க், ஒற்றை வரி மின்னஞ்சல் சந்தா, வேலை செய்யும் ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய பதிவைத் தானே வாசகருக்குத் தெரிவிப்பது).

## அறிகுறி 7: எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை

அனலிட்டிக்ஸில் 'டைரக்ட்' (மூலம் தெரியாத வருகை) என்று குவிவதற்கு இரண்டு காரணம். உங்கள் தளம் இன்னும் எச்டிடிபியில் இருந்தால் உலாவி மூலத் தகவலைக் கொடுக்காது. இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டால் தீரும். இன்னொன்று, கைப்பேசிச் செயலியிலிருந்து வருபவர்கள். பின்டரெஸ்ட்டிலும் ஃபிளிப்போர்டிலும் போடும் முகவரியின் வாலில் யுடிஎம் குறிகளை (எங்கிருந்து வந்தார் என்று சொல்பவை) சேர்த்தால் இவர்கள் பிடிபடுவார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே எழுதுங்கள். பேரெழுத்து கலந்தால் வேறு மூலமாக எண்ணிவிடும். ரெடிட்டுக்கும் ஹேக்கர் நியூஸுக்கும் மட்டும் வாலில்லாத முகவரி. அங்கே யுடிஎம் வால் விளம்பர நாற்றமடிக்கும்.

## அறிகுறி 8: நூற்றுக்கணக்கான தளங்களில் போட்டும் பயனில்லை, கூகிளிலும் இறங்கிவிட்டது

'புக்மார்க் தளங்கள் 500' என்று சுற்றும் பட்டியலைத் திறந்து பாருங்கள். டெலிஷியஸ் 2017-இல் பின்போர்டு என்ற போட்டித் தளத்தின் கைக்குப் போய், புதிதாகச் சேமிக்க முடியாமல் உறைந்தது. ஸ்டம்பிள்அப்பான் 2018 ஜூன் 30-உடன் மூடப்பட்டது. பாக்கெட் 2025 ஜூலை 8-இல் நின்றது. இவை இன்னும் அந்தப் பட்டியல்களில் உட்கார்ந்திருக்கின்றன. மிச்சத்தில் பாதிக்கு மேல் வாசகரே இல்லாத லிங்க் குப்பை. தளத்தின் முதல் பக்கத்தில் உள்ள பத்துப் பதிவுகளைப் பாருங்கள்: கடன், சூதாட்டம், எடை குறைப்பு, ஒன்றிலும் கருத்து இல்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து வரும் லிங்க்குகளால் தேடலிலும் லாபமில்லை. வெளியாட்கள் போடும் லிங்க்கை மதிப்பிலிருந்து விலக்கும் நோஃபாலோ குறி 2005 முதலே இருக்கிறது. தரமற்ற புக்மார்க் தள லிங்க்குகளைக் கூகிள் தன் ஸ்பேம் விதியில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

யாரிடமாவது பணம் கொடுத்து மொத்தமாகப் போடவைத்தீர்களா? முதல் வேலை அதை நிறுத்துவது. பிறகு கூகிளின் சர்ச் கன்சோலில், அது எடுத்த தண்டனை நடவடிக்கைகளைக் காட்டும் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைத் திறங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கூகிள் அந்த லிங்க்குகளை ஒதுக்கிவிட்டிருக்கும். குறிப்பிட்ட லிங்க்குகளைப் புறக்கணிக்கக் கூகிளிடம் சொல்லும் டிசவோ கருவியைத் தொடாதீர்கள், கைதவறி நல்ல லிங்க்குகளையும் தள்ளிவிடுவீர்கள். இறக்கத்துக்கு வேறு காரணம் தேடுங்கள்.

நடவடிக்கை இருப்பதாகக் காட்டினால்தான் எஸ்இஓ தெரிந்தவரைக் கூப்பிடும் கட்டம். போவதற்கு முன் லிங்க்ஸ் அறிக்கையைப் பதிவிறக்கி, நீங்களோ நீங்கள் அமர்த்தியவரோ போட்டவற்றைத் தனியே குறித்து, முடிந்தவற்றை நீக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். நீக்க முடியாதவை மட்டும் டிசவோ கோப்புக்குப் போகும், வரிக்கு ஒரு தளம். அதன் பிறகே மறுபரிசீலனை விண்ணப்பம். பதில் வரச் சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். "மூன்றே நாளில் எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.